குறுக்குவில்

1139இல் கூடிய இரண்டாம் லாட்டரன் சபை, கிறிஸ்தவர்கள்மேல் வில்லையும் குறுக்குவில்லையும் உபயோகிக்கலாகாதென்று விதித்தது. மற்றவர்கள்மேல்? சபை மௌனம். மான்களைப் பற்றியும் மௌனம். விதியை மதித்தவர்கள் குறைவு. 1199இல் ஷாலூ முற்றுகையில் ரிச்சர்ட் மன்னன் குறுக்குவில் அம்பு பட்டுத்தான் செத்தான்.

சரித்திரக்காரர்கள் போர்க்களத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு வேட்டைவில்தான் முக்கியமாகப் படுகிறது. குதிரைமேலிருந்து எய்ய வில் சின்னதாக இருக்கவேண்டும். வில் குறுகினால் நாண் பின்னால் போகும் தூரமும் குறுகும். நீள்வில்லில் காதுவரை வருகிற நாண் இதில் ஒரு சாண்கூட நகராது. இழந்த தூரத்தை விறைப்பால்தான் ஈடுகட்ட முடியும். விறைப்பு ஏறினால் கை போதாது. ஆட்டுக்கால் என்று பெயர்பெற்ற நெம்புகோலோ பல்சக்கரமோ வேண்டும். எஃகு வந்த பிறகும் பனிப்பிரதேசங்களில் கொம்பும் நரம்பும் ஒட்டிச் செய்த வில்லை விடவில்லை. கடுங்குளிரில் எஃகு முறியும்.

இழுத்த நாணை ஒரு கொம்பு உருளை பிடித்துக்கொள்கிறது. விஷயமே இந்த உருளைதான் என்பேன். கைவில்லில் இழுப்பது, குறிபார்ப்பது, விடுவது எல்லாம் ஒரே உடம்பின் அவஸ்தை; நேரமானால் தோள் நடுங்கும். அந்த நடுக்கத்தை உருளை வாங்கிக்கொண்டுவிட்டது. வேட்டைக்காரன் இப்போது காத்திருக்கலாம், யோசிக்கலாம். யோசித்த பிறகே கொல்கிறான். சபை இதையல்லவா கவனித்திருக்கவேண்டும்?

துப்பாக்கி வந்தும் குறுக்குவில் காட்டைவிட்டு உடனே போய்விடவில்லை. வெடிச்சத்தம் கிடையாது. ஒரு மான் விழும். சற்றுத் தள்ளி நிற்கிற மான் மேய்ந்துகொண்டிருக்கும்.