வில்லும் வண்டியும்

'வில்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் போர்க்களத்தை நினைக்கிறது. அம்பைச் செலுத்தும் கருவியே வில் என்பது பழம்பொருள். ஆனால் நம் பாட்டன்மார் காலத்தில் அச்சொல்லுக்கு அமைதியான மற்றொரு பொருளும் வழங்கிற்று. மாட்டுவண்டியின் அச்சுக்கும் மேற்கட்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிப் பொருத்தினர். அவ்வாறு பொருத்திய வண்டியை 'வில்வண்டி' என்று அழைத்தனர். எத்துணைப் பொருத்தமான பெயர்! போர்வில்லும் வண்டிவில்லும் செய்யும் தொழில் ஒன்றே. வளையும்போது ஆற்றலைத் தன்னுள் வாங்கிக்கொள்வதும், விடுபடும்போது அதைத் திருப்பித் தருவதுமே அத்தொழில்.

இன்று செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலும், மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், தரையைத் தழுவுவதுபோல் தாழ்ந்து ஓடும் கார்கள் சிலவற்றைக் காண்கிறோம். ஆலை பொருத்திய சுருள்வில்லை அகற்றிவிட்டு, அதனினும் குட்டையான வில்லைப் பொருத்தி அவற்றைத் தாழ்த்தியிருக்கிறார்கள். இளைஞர் உள்ளத்தைக் கவரும் தோற்றந்தான். ஆனால் வில்லை மாற்றினால் வேலை முடிந்ததா? வண்டிவில்லின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. அவ்வரலாற்றின் சில ஏடுகள் நம் செங்கற்பட்டு மண்ணிலேயே எழுதப்பட்டவை.

வில் இல்லாத வண்டியிலிருந்து தொடங்குவோம். இம்மாவட்டத்தின் தென்கடற்கரையில் இடைக்கழிநாடு என்றொரு பகுதி உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் அப்பகுதியைச் சேர்ந்தவர். உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசை அவர் பாட்டில் இடம் பெறுகிறது. புறநானூற்றில் ஔவையார், உமணர் தம் வண்டியில் கட்டிச் செல்லும் சேம அச்சைக் கூறுகிறார். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக ஒன்றைக் கூடவே எடுத்துச் சென்றனர் என்றால், அக்காலப் பாதையின் கொடுமையை நாம் உணரலாம். பள்ளத்தின் அடியை அச்சே நேராகத் தாங்கிற்று. அதற்கும் சுமைக்கும் இடையே மெத்தென்ற பொருள் எதுவும் இல்லை.

ஐரோப்பாவில் முதலில் வண்டியின் உடலைத் தோல்வாரில் தொங்கவிட்டனர். பின்னர் எஃகு வில் வந்தது. வில்லின் அடிப்படை விதியை இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுமை எவ்வளவு கூடுகிறதோ, வில்லின் வளைவும் அதே விகிதத்தில் கூடும் என்பது அவ்விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒபதையா எலியட் என்பவர் நீள்வட்ட வடிவிலான பட்டைவில்லை வண்டிகளுக்குப் பொருத்திப் புகழ் பெற்றார். சென்னையில் 1840ஆம் ஆண்டில் தோன்றிய சிம்சன் நிறுவனம் குதிரைவண்டி கட்டும் தொழிலில் பெயர் பெற்றது. அந்நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் என்பவரே 1903ஆம் ஆண்டில் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கிச் சென்னை மக்களை வியப்பில் ஆழ்த்தியவர். சாரட்டு கட்டிய பட்டறையே காரையும் கட்டியது. ஆதலின் சாரட்டின் பட்டைவில் காருக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

வில்வண்டி வசதியை மட்டும் குறித்ததன்று, மதிப்பையும் குறித்தது. 1893ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் நாட்டு வெங்ஙானூரில் அய்யன்காளி என்ற பெருமகனார், தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்வண்டி ஏறிச் சென்றார். சாலை யாருக்கு உரியது என்ற கேள்வியை எழுப்ப அவர் தேர்ந்தெடுத்த கருவி அவ்வண்டி. வண்டியின் தோற்றத்தில் மனிதன் தன் மதிப்பைக் காண்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று.

இனி, பொறியின் உள்ளே நுழைவோம். பட்டைவில்லுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அவ்வுராய்வு, துள்ளலைத் தானே ஓரளவு அடக்கிவிடுகிறது. அன்றியும், அச்சை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ளும் பணியையும் பட்டைவில்லே செய்கிறது. சுருள்வில் அத்தகையதன்று. அது மென்மையானது, எடை குறைந்தது. ஆனால் உராய்வு மிகக் குறைவு. ஒரு முறை அழுத்தி விட்டால் மீண்டும் மீண்டும் துள்ளிக்கொண்டே இருக்கும். எனவே சுருள்வில் வந்தபோது, துள்ளலை அடக்க எண்ணெய் நிரம்பிய 'ஷாக் அப்சார்பர்' இன்றியமையாததாயிற்று. சக்கரத்தைப் பிடித்து வைக்கத் தனிக் கரங்களும் தேவைப்பட்டன. ஓர் உறுப்பு மாறியது. அதன் பொருட்டு இரண்டு உறுப்புகள் புதிதாகப் பிறந்தன. இதுவே நம் வரலாற்றின் முதற் பாடம்.

இரண்டாம் பாடத்துக்கு நாம் வண்டலூர்ப் பக்கம் செல்ல வேண்டும். அங்கேதான் 1948ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை இயங்கிற்று. அந்நாளில் வான்கார்டு காரில் தொடங்கிய அந்நிறுவனம், 1961ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற அழகிய சிறு காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 1959ஆம் ஆண்டில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. இத்தாலியக் கலைஞர் மிக்கெலோட்டி அதன் உருவை வரைந்தார். அழகைவிட நமக்கு முக்கியமானது அதன் பின்புற அமைப்பு. ஒரே நீண்ட அச்சுக்கு மாறாக, நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியிலிருந்து இடமும் வலமும் இரண்டு அரை அச்சுகள் பறவையின் சிறகுகள்போல் மேலும் கீழும் அசைந்தன. இரண்டையும் சேர்த்துத் தாங்கியது குறுக்கே கிடந்த ஒரே பட்டைவில்.

இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியின் உயரம் மாறினால், சக்கரத்தின் சாய்வும் மாறிவிடும். சுமை மிகுந்து பின்புறம் அமிழ்ந்தால் சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு தேயும். சுமை குறைந்து பின்புறம் உயர்ந்திருக்கையில் விரைவாக வளைவில் திரும்பினாலோ, வெளிப்பக்கச் சக்கரம் உடலின் அடியில் மடங்கி, காரைத் தூக்கி எறியும் இடர் உண்டு. ஆகவே ஹெரால்டைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்தவர்கள் பின்புறத்தைத் தாழ்த்துவதை வழக்கமாகக் கொண்டனர். அங்கே தாழ்த்துதல் அலங்காரமன்று, பாதுகாப்புக்கான கணக்கு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாகிய சோழவரத்தில், 1953ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. சோழவரம் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. பின்னர், 1990ஆம் ஆண்டில், இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அதுவும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மண்ணே.

ஆனால் பந்தயத்துக்குச் சரியானது குடும்பத்துக்குச் சரியாகுமா? நம் நாட்டில் ஒரு கார் என்பது தாய் தந்தையர், பிள்ளைகள், பெட்டி படுக்கை அனைத்தையும் சுமந்து செல்ல வேண்டும். அசையும் அரை அச்சை இந்திய வாடிக்கையாளரும் மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. எனவே 1972ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில், ஹெரால்டின் அதே 948 கன சென்டிமீட்டர் எஞ்சின் இருந்தபோதிலும், பின்னால் ஒரே துண்டான அச்சு இடம்பெற்றது. வில்லை மட்டும் கடினமாக்கிப் பழியைத் தீர்த்துவிடலாம் என்று பொறியாளர் எண்ணவில்லை, அச்சையே மாற்றினர். 1985ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கொணர்ந்த ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரைத் தழுவியது. நம் சாலைகளின் பொருட்டு அதன் தரை இடைவெளியை உயர்த்தி, தாங்கும் அமைப்பையும் திருத்தினர். உயர்த்துவதற்கும் இவ்வளவு திருத்தம் தேவையென்றால், தாழ்த்துவதற்குத் தேவையில்லாமற் போகுமா?

இப்பொழுது இன்றைய காருக்கு வருவோம். மறைமலைநகரில் இயங்கிய ஃபோர்டு ஆலையிலிருந்து 1999ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஐகான் காரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் முன்புறத்தில் இருப்பது மெக்ஃபர்சன் அமைப்பு. சுருள்வில்லையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக இணைத்து, கீழே ஒரு கரத்தால் பிடித்து வைக்கும் எளிய முறை அது. இத்தகைய காரில் 40 மில்லிமீட்டர் குட்டையான வில்லைப் பொருத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். என்ன நிகழ்கிறது?

முதலாவது, சக்கரம் மேலெழும்ப இருந்த இடம் குறைகிறது. முன்பு 80 மில்லிமீட்டர் இருந்திருந்தால் இப்பொழுது பாதிதான் மிச்சம். ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர்த் தடுப்பில் மோதும். இதைத் தவிர்க்கவே தாழ்த்தும் வில்லைக் கடினமாகச் செய்கின்றனர். தடுப்பையும் அதற்கேற்பக் குட்டையானதாக மாற்ற வேண்டும்.

இரண்டாவது, வில் கடினமானால் அதன் துள்ளலும் விரைவாகும். கடினம் 44 விழுக்காடு கூடினால் அதிர்வின் விரைவு 20 விழுக்காடு கூடும். அதனை அடக்கும் ஷாக் அப்சார்பரின் வலிமையும் அதே அளவு கூட வேண்டும் என்பது கணக்கு. பழைய ஷாக் அப்சார்பரையே வைத்திருந்தால், வில்லை அடக்க மாட்டாமல் கார் மிதந்து மிதந்து ஓடும். சக்கரம் சாலையை விட்டு எழும்பும்போது குட்டை வில் தன் இருக்கையிலிருந்து கழலவும் கூடும். ஆகவே குட்டையான, வலிமை மிகுந்த ஷாக் அப்சார்பரே அதற்கு உரிய துணை.

மூன்றாவது நுட்பமானது, பலரும் அறியாதது. வளைவில் திரும்பும்போது காரின் உடல் ஒரு கற்பனை மையத்தைச் சுற்றிச் சாய்கிறது. எடை மையத்துக்கும் அச்சாய்வு மையத்துக்கும் இடையேயுள்ள தொலைவே காரைச் சாய்க்கும் நெம்புகோல். காரைத் தாழ்த்தும்போது எடை மையம் 40 மில்லிமீட்டர் இறங்குகிறது. மெக்ஃபர்சன் அமைப்பில் கீழ்க்கரத்தின் கோணம் மாறுவதால், சாய்வு மையம் அதனினும் மிகுதியாக இறங்கிவிடக் கூடும். நெம்புகோல் நீள்கிறது! சாய்வைக் குறைக்க விரும்பிச் செய்த மாற்றமே சாய்வுக்குத் துணைபோகிறது. கரத்தின் வெளிமுனையைக் கீழிறக்கும் நீண்ட பந்துமூட்டைப் பொருத்தி, திருப்பும் தண்டின் முனையையும் அதற்கு இயைய அமைத்தால்தான் பழைய கோணம் மீளும். இறுதியில் சக்கரங்களின் சாய்வையும் நேர்மையையும் அளந்து சரிசெய்ய வேண்டும்; இல்லையேல் டயர் ஒரு பக்கமாகத் தேயும். முகப்பு விளக்கின் நோக்கையும் திருத்த வேண்டும்.

புதிய வில் வாங்கப் பணமில்லாதோர் பழைய வில்லையே வெட்டுவதும் உண்டு. இயங்கும் வளையங்கள் எட்டில் ஒன்றை வெட்டினால், வில்லின் கடினம் ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுகிறது; வெட்டிய முனையோ இருக்கையில் சரியாக அமராது. சிலர் வில்லைச் செந்நிறம் காணுமளவு சூடேற்றி அமிழச் செய்கின்றனர். எஃகுக்குப் பதமூட்டிய வெப்பச் செய்கை அத்துடன் அழிகிறது. அன்றியும் மாமல்லபுரக் கடற்கரையின் உப்புக்காற்று, வண்ணப்பூச்சு உரிந்த வில்லில் துருவை வளர்க்கிறது. துரு அரித்த சிறு குழியிலிருந்தே வெடிப்பு தொடங்குகிறது. விரைந்தோடும் காரின் வில் முறிந்தால் விளைவு யாது என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

சாலையையும் மறத்தல் ஆகாது. நம் நாட்டுச் சாலைப் பொறியாளர் வகுத்த விதிப்படி, வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். ஊர்ப்புறத்தில் விதியறியாது எழுப்பிய தடைகளும் உண்டு. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வழியில், நான்கு பேரை ஏற்றிய தாழ்ந்த கார் எத்தனை இடங்களில் அடி உரசும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டமும் ஒரு வரம்பு கட்டியுள்ளது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த மூல அமைப்பினின்று வேறுபடுமாறு வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. 2019ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றம் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.

மாணவ நண்பர்களே! புதுமை வேட்கை குற்றமன்று. அவ்வேட்கை இல்லையேல் உமணரின் சேம அச்சோடு நாம் நின்றிருப்போம். ஆனால் வண்டி என்பது உறுப்புகளின் குவியலன்று. ஒன்றையொன்று தாங்கும் உறவு. பட்டைவில் போய்ச் சுருள்வில் வந்தபோதும், ஹெரால்டு போய்க் கெஸல் வந்தபோதும், பொறியாளர் ஓர் உறுப்பை மாற்றுமுன் அதன் சுற்றம் முழுவதையும் எண்ணினர். நீங்களும் பட்டறைக்குள் நுழையுமுன் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிடுங்கள்; தகுதி பெற்ற பொறியாளரைக் கேளுங்கள்; சட்டத்தையும் பாருங்கள். சாலையில் உங்கள் கார் மட்டும் செல்வதில்லை. எதிரே மிதிவண்டியில் பள்ளிப்பிள்ளை வருகிறது. மீன்கூடையோடு ஒரு தாய் சாலையைக் கடக்கிறாள். அவர்களுடைய உயிரும் உங்கள் வில்லைத்தான் நம்பியிருக்கிறது.