நின்ற எஞ்சினும் எழுந்த பாரமும்: 19-ஆம் நூற்றாண்டுக் கண்காட்சி நடுவர்களின் அளவுகோல்

19-ஆம் நூற்றாண்டின் பெருங்கண்காட்சிகளைப் பற்றி எழுதுவோர் கண்ணாடி மண்டபங்களையும், திரண்ட கூட்டத்தையும், பேரரசுகளின் பெருமிதத்தையும் விரிவாகப் பேசுகிறார்கள். எந்தப் பொருளுக்கு எதன் அடிப்படையில் பதக்கம் தரப்பட்டது என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பாரந்தூக்கும் பொறிகளையும் ரயில்வே சாதனங்களையும் பொறுத்தவரை இக்கேள்வி முக்கியமானது. துணியைத் தொட்டுப் பார்த்தும் அவுரியை நிறம் பார்த்தும் தரம் சொல்லிவிடலாம். கிரேனையும் எஞ்சினையும் வேலை வாங்காமல் தரம் சொல்ல முடியாது. அக்கண்காட்சிகளின் தீர்ப்புகளில் இன்றும் மதிக்கத்தக்கவை, பொறியின் வேலையை அளந்தோ அதன் பழுதைச் சோதித்தோ சொல்லப்பட்டவையே. ஆனால் அத்தகைய தீர்ப்புகளிலும் பொறி போய்ச் சேரும் இடம் உரிய அளவில் கணக்கில் வரவில்லை. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். புதுச்சேரிக் கடற்கரை அதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

1. அளந்த தீர்ப்பும் பார்த்த தீர்ப்பும்

1851 லண்டன் கண்காட்சியில் பொருள்கள் 30 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. நேரடிப் பயன்பாட்டு இயந்திரங்களும் ரயில்வே சாதனங்களும் ஐந்தாம் வகுப்பில் வந்தன. நடுவர் குழுக்களில் பாதிப்பேர் பிரிட்டிஷார், பாதிப்பேர் பிற நாட்டவர். பதக்கங்கள் இருவகை. கவுன்சில் பதக்கம் புதுமைக்கு உரியது. வேலைத்திறன் மட்டும் அதற்குப் போதாது. பரிசுப் பதக்கம் செய்நேர்த்திக்கு உரியது. பயன்பாடு, விலை மலிவு, குறிப்பிட்ட சந்தைக்குப் பொருந்தும் தன்மை ஆகியவை அதில் கருதப்பட்டன. ஆக, இடத்துக்குப் பொருந்துவது ஒரு தகுதி என்பதை விதிகள் அறிந்தே இருந்தன. ஆயினும் அத்தகுதிக்குக் கிடைத்தது இரண்டாம் படிதான்.

அவ்வகுப்பின் மிகச் சிறந்த தீர்ப்பு நீர் இறைக்கும் பொறியைப் பற்றியது. ஆப்போல்ட் என்பவர் கொண்டுவந்த மையவிலக்கு பம்பை நடுவர்கள் ஓடவிட்டு அளந்தார்கள். சக்கரத்தின் இதழ்கள் வளைந்திருந்தபோது செலுத்திய ஆற்றலில் ஏறத்தாழ 68 விழுக்காடு பயனாகக் கிடைத்தது. சாய்ந்த நேர் இதழ்களில் அது 43 ஆகவும், ஆரத்தை ஒட்டிய நேர் இதழ்களில் 24 ஆகவும் குறைந்தது. வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லாத மூன்று சக்கரங்களின் உண்மையான வேறுபாட்டை எண்கள் காட்டின. நீரியல் பொறியியலின் வரலாற்றில் இச்சோதனைக்கு இடம் கிடைத்ததற்கு அந்த அளவீடே காரணம்.

அதே கூரையின் கீழ் ரயில் எஞ்சின்கள் ஓடாமல் நின்றன. கிராம்ப்டன் வடிவமைத்த 'லிவர்பூல்' எஞ்சின் உயர் பதக்கம் பெற்றது. அதன் பெரிய சக்கரங்களும் தாழ்ந்த கொதிகலனும் அன்று புதுமை. ஆனால் வளைந்து கொடுக்காத நீண்ட சக்கர அமைப்பினால் அது தண்டவாளத்தைச் சேதப்படுத்தியது. நெடுங்காலம் ஓடவும் இல்லை. நடுவர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. தண்டவாளத்துக்கு என்ன நேரும் என்பதை நிறுத்தி வைத்த எஞ்சினிடம் கேட்டறிய வழியில்லை. 1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் மூன்று நடுவர்கள் நடத்திய போட்டியில் எஞ்சின்கள் சுமையோடு குறித்த தூரம் ஓட வேண்டியிருந்தது. நிபந்தனையை முழுதாக நிறைவேற்றியது 'ராக்கெட்' மட்டுமே. ஆக, சரியான முறை 22 ஆண்டுகளுக்கு முன்பே கைவசம் இருந்தது. மண்டபத்துக்குள் வந்ததும் அது கைவிடப்பட்டது.

2. பழுதே உரைகல்

பாரந்தூக்கும் பொறிக்கு இன்னொரு சோதனை தேவை. எவ்வளவு தூக்கும் என்பது முதல் கேள்வி. தூக்கும்போது முறிந்தால் என்ன ஆகும் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. வேல்ஸில் கட்டப்பட்ட பிரிட்டானியா ரயில் பாலத்தின் இரும்புக் குழாய்களைத் தூக்கிய நீரழுத்தப் பொறி 1851-இல் காட்சிக்கு வந்தது. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கிய பொறி அது. 1849 ஆகஸ்டில் பணி நடந்துகொண்டிருந்தபோது அதன் உருளை வெடித்தது. குழாய் எழ எழ அதன் அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்று பாலத்தின் பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டளையிட்டிருந்ததால், அது சில அங்குலமே இறங்கி நின்றது. அந்தப் பணியைக் காத்தது பொறியின் வலிமை அன்று, பொறி தவறும் என்று முன்கூட்டியே எண்ணிய வேலைமுறை. கண்காட்சிக் கூடத்தில் பொறி இருந்தது. முட்டுக் கொடுத்த முறையைக் காட்சிக்கு வைக்க இயலவில்லை.

நியூயார்க் கண்காட்சியில் 1854-இல் எலிஷா ஓட்டிஸ் தாமே தூக்குமேடையில் ஏறி நின்று கயிற்றை அறுக்கச் செய்தார். மேடை விழாமல் பற்றிக்கொண்டது. பழுதையே சோதனையாக்கிய செயல் அது. அதைச் செய்தவர் காட்சியாளர். நடுவர் குழு அதைக் கேட்டு வாங்கவில்லை.

1876 பிலடெல்பியா கண்காட்சி ஒரு முன்னேற்றம். பதக்கத்தில் படிநிலைகளை ஒழித்து, ஒவ்வொரு பொருளின் தகுதியையும் எழுத்தில் விளக்கி நடுவர் கையொப்பமிட வேண்டும் என்று அங்கே விதித்தார்கள். காரணத்தை எழுதிய தீர்ப்பைப் பின்னால் வருபவர் சரிபார்க்கலாம். வெறும் பதக்கத்தை அப்படிச் சரிபார்க்க முடியாது.

3. சோழமண்டலக் கரையின் கேள்வி

லண்டனின் 30 வகுப்புகள் சென்னைக்கு அப்படியே வந்தன. 1855 சென்னைக் கண்காட்சியின் நடுவர் அறிக்கைகள் அவ்வகுப்புகளின் வரிசையிலேயே அச்சாயின. சென்னை மாகாணத்தின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கி 1856 ஜூலை 1 அன்றுதான் புறப்பட்டது. ரயில் வருமுன் அதற்குரிய வகைப்பாடு வந்துவிட்டது. இவ்வூருக்கு எது தேவை என்ற கேள்வியிலிருந்து அவ்வகைப்பாடு பிறக்கவில்லை.

அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் தேவை வேறு. வடக்கே உள்ள காலாப்பட்டிலிருந்து நகரம் வரை இயற்கைத் துறைமுகம் ஏதும் இல்லை. திறந்த கடலும் உடையும் அலையும்தான். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டன. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த சலங்குகள் சரக்கைக் கரை சேர்த்தன. மணலில் மோதும்போது நெகிழ்ந்து கொடுக்கும் அந்தக் கட்டுமானம் அலையைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. 1866-இல் திருகுத் தூண்கள் மேல் இரும்புக் கடற்பாலம் எழுந்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து மீட்டர் கேஜ் ரயில் வந்தது.

இங்கே ஒரு கிரேனை மதிப்பிட வேண்டியவர் என்னென்ன கேட்டிருக்க வேண்டும்? அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து மூட்டையை எடுக்கும்போது சங்கிலி எத்தனை வெட்டி இழுப்புகளைத் தாங்கும்? உப்புக் காற்றில் பல்சக்கரம் எத்தனை மழைக்காலம் நிற்கும்? உடைந்த பாகத்தை உள்ளூர்க் கொல்லர் செய்து தர முடியுமா? ரயிலுக்கும் இப்படியே. 1851-இல் பலரும் வியந்த 'லார்ட் ஆஃப் தி ஐல்ஸ்' எஞ்சின் ஏழடிப் பாதைக்கு உரியது. சென்னை ரயில்வே ஐந்தரை அடிப் பாதையைத் தேர்ந்தது. புதுச்சேரிக்கு வந்ததோ மூன்றேகால் அடி அகலமுள்ள பாதை. லண்டன் பதக்கம் இக்கிளைப்பாதைக்கு எந்த வழிகாட்டுதலும் தந்திருக்க முடியாது.

4. ஒரு மறுப்பும் முடிவும்

ஆயிரக்கணக்கான பொருள்களைச் சில வாரங்களில் பார்க்க வேண்டியவர்கள் உலகின் ஒவ்வொரு கரையையும் எண்ணிப் பார்த்திருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் எந்தச் சூழலுக்கு இத்தீர்ப்பு பொருந்தும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆப்போல்ட் பம்பை அளப்பதற்கு நேரம் கிடைத்தது. மனம் இருந்த இடத்தில் முறையும் வந்தது. பொதுத் தரையில் வைத்து ஒப்பிட்டால்தான் நியாயம் என்ற வாதமும் அரைகுறையானது. ஆட்டமற்ற தரை என்பதும் ஒரு சூழலே. அதில் வென்ற கிரேன் ஆடும் கடலிலும் வெல்லும் என்பதற்கு அத்தீர்ப்பில் ஆதாரம் இல்லை.

எனவே நடுவர் அறிக்கைகளைத் தொழில்நுட்ப மேன்மையின் பட்டியலாக இனிப் படிக்கக் கூடாது. எது சோதிக்கப்பட்டது, எது பார்வையோடு விடப்பட்டது, எந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்று பிரித்துப் படிக்க வேண்டும். 1855, 1867, 1878 ஆகிய ஆண்டுகளின் பாரிஸ் நடுவர் அறிக்கைகள் பிரெஞ்சு மொழியில் உள்ளன. அவற்றைக் கடற்பால ஆவணங்களோடும் ரயில் ஆவணங்களோடும் அருகருகே வைத்துப் படிக்க, காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவரும் பிரெஞ்சு மாணவரும் ஒன்றுசேர வேண்டும். மொழியும் கடற்கரையும் ஒரே இடத்தில் வாய்த்த ஊர் இது. இந்த ஆய்வு இங்கிருந்தே தொடங்கட்டும்.