ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு

கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்கள் பலவற்றில் உள்ள மூலக்கூறு எந்திரம். ஒட்டியிருக்கும் செல்லைக் குத்தி, அதற்குள் நச்சுப் புரதங்களை இறக்கிவிடுவது இதன் வேலை.

2006-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஜான் மெக்கலானோஸின் ஆய்வுக்குழு இதற்குப் பெயரிட்டது. டிக்டியோஸ்டீலியம் என்ற மண் அமீபா பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. காலரா கிருமியின் ஒரு ரகத்தோடு சேர்த்து வளர்த்தபோது அந்த அமீபாவே மடிந்தது. எந்த மரபணுவைச் சிதைத்தால் அமீபா மறுபடி கிருமியைத் தின்னத் தொடங்குகிறது என்று தேடியதில் இந்த அமைப்புக்கான மரபணுக்கள் பிடிபட்டன. அதே ஆண்டில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவிலும் இது செயல்படுவது தெரிந்தது. மனித உடலைத் தாக்கும் ஆயுதம் என்றே அப்போது பலரும் நினைத்தனர்.

அந்த எண்ணம் 2010-இல் மாறியது. சியாட்டிலில் ஜோசப் மூகஸின் குழு ஆராய்ந்த சூடோமோனாஸ் நச்சு ஒன்று மற்றப் பாக்டீரியாக்களையே குறிவைத்தது. அந்த நச்சைத் தயாரிக்கும் பாக்டீரியா, தானும் தன் இனமும் சாகாமலிருக்க நச்சுமுறிப் புரதம் ஒன்றையும் கூடவே தயாரிக்கிறது. செல் சுவரை அரிக்கும் நச்சுகள் அடுத்த ஆண்டு தெரியவந்தன.

எந்திரத்தின் பூர்வீகம் இன்னும் வியப்பானது. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் வாலும் இதுவும் ஒரே வம்சம் என்பதை 2009-இல் புரத வடிவங்களின் ஒப்பீடு காட்டியது. 2012-இல் மாரெக் பாஸ்லரும் உடன் ஆய்வாளர்களும் உயிருள்ள காலரா கிருமிக்குள் ஒளிரும் புரதத்தைச் சேர்த்து, எந்திரம் இயங்குவதை நேரிலேயே பார்த்தனர். செல்லின் குறுக்கே நீண்ட உறை வளர்கிறது. அதற்குச் சில பத்து நொடிகள் ஆகும். பிறகு 5 மில்லிநொடிக்குள் அது ஏறக்குறையப் பாதியாகச் சுருங்க, உள்ளிருக்கும் குழாய் கூர்முனையோடு வெளியே பாய்கிறது. சுருங்கிய உறையைச் செல் பிரித்தெடுத்து, அதே உதிரிகளால் அடுத்ததைக் கட்டுகிறது.

எல்லாப் பாக்டீரியாக்களும் இதை ஒரே விதமாகக் கையாள்வதில்லை. காலரா கிருமி கண்ட திசையில் குத்தும். சூடோமோனாஸ் பொறுத்திருக்கும், யாராவது குத்தினால், குத்து விழுந்த இடத்திலிருந்தே திருப்பித் தாக்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், தாக்காத அண்டைச் செல்களை அது பெரும்பாலும் விட்டுவைத்தது. கண்ணற்ற ஒற்றைச் செல் இவ்வளவு துல்லியமாகக் குறிபார்ப்பது இத்துறையின் அருமையான கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

காலரா கிருமி கடலில் கைட்டின் என்ற பொருள் நிறைந்த ஓடுகளில் ஒட்டி வளர்கிறது. அந்தக் கைட்டினே இந்த ஆயுதத்தை முடுக்கிவிடுவதை 2015-இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் மெலனி பிளோகேஷின் குழு கண்டறிந்தது. குத்துப்பட்ட செல் உடைந்து சிந்தும் டி.என்.ஏவைக் கிருமி உள்ளிழுத்து, அதன் மரபணுக்களைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது.