சிட்டிகை மருந்து கூடினால் குறி தப்புமா? துப்பாக்கித் தோட்டாவில் ‘சரியான அளவை’ எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அமெரிக்காவில் நீள்தூர ரைஃபிள் போட்டிகளில் கலந்துகொள்பவர்களில் பலர், கடையில் விற்கும் தோட்டாவை அப்படியே வாங்கிச் சுடுவதில்லை. வீட்டிலேயே மேசை போட்டு, தராசு வைத்து, மருந்தை நிறுத்துத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். ‘ஹேண்ட்லோடிங்’ என்று இதற்குப் பெயர். இதில் எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான்: எந்த அளவு மருந்து போட்டால் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழும்?

தோட்டாவுக்குள் என்ன இருக்கு?

மொத்தம் நான்கு பாகங்கள். வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில், ஊசி தட்டியதும் தீப்பொறி தரும் பிரைமர். உள்ளே வெடிமருந்து. முன்னால் குண்டு. சுட்ட பிறகு பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்த்தால் மறுபடியும் தோட்டா தயார்.

மருந்தை நிறுக்கும் அலகு ‘கிரெயின்’. நம்ம ஊரில் குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்த மாதிரி, அங்கே தானிய மணியை வைத்துப் பிறந்த அளவு இது. ஒரு கிரெயின் என்பது சுமார் 0.065 கிராம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின்.

கொஞ்சம் கூடினால் என்ன ஆகும்?

மருந்து கூடினால் அழுத்தம் கூடும், குண்டின் வேகமும் கூடும். 100 கஜத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் 1,000 கஜத்தில், அதாவது 914 மீட்டரில், கதையே வேற. .308 வின்செஸ்டர் போன்ற ரைஃபிளில் வேகம் நொடிக்கு 10 மீட்டர் மாறினாலே, குண்டு ஒரு சாணுக்கும் அதிகமாக மேலேயோ கீழேயோ போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் கிளம்ப வேண்டும் என்று இவர்கள் மெனக்கெடுகிறார்கள். குண்டின் வேகத்தை அளக்க ‘குரோனோகிராஃப்’ என்ற கருவியும் வைத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. சுடும்போது குழல் அதிர்கிறது. குண்டு வெளியேறும் நேரத்தில் குழல் முனை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் குறியைப் பாதிக்கும் என்பது ஹேண்ட்லோடர்களிடம் பரவலாக உள்ள நம்பிக்கை.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

மருந்து நிறுவனங்கள் வெளியிடும் கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என இரண்டு இருக்கும. தொடக்க அளவில் ஆரம்பித்து, ஒரு கிரெயினில் சிறு பங்காகக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதன் பிறகு இரண்டு முறைகள் பிரபலம்.

முதலாவது ‘ஏணிச் சோதனை’. கிரெய்டன் ஆடெட் என்ற அமெரிக்கத் துப்பாக்கி வீரர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஒவ்வொரு அளவிலும் ஒரு குண்டு வீதம் தொலைவில் உள்ள இலக்கில் சுடுவார்கள். மருந்து கூடக் கூட ஓட்டைகள் ஏணிப்படி போல மேலே ஏறும். அடுத்தடுத்த இரண்டு மூன்று அளவுகளின் ஓட்டைகள் ஒரே உயரத்தில் விழுந்தால், அந்த இடைவெளியின் நடு அளவை எடுத்துக்கொள்வார்கள். நிறுக்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் குறி மாறாது என்பது கணக்கு.

இரண்டாவது, டான் நியூபெரி பிரபலப்படுத்திய முறை. ஒவ்வொரு அளவுக்கும் தனி இலக்கு. ஆனால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. எல்லா அளவிலும் ஒவ்வொன்று சுட்டு, மறுபடி முதலிலிருந்து வருவார்கள். குழல் சூடாவது, காற்று மாறுவது, சுடுபவரின் களைப்பு எல்லாம் ஒரே அளவின் தலையில் விழாமல் சமமாகப் பிரியும்.

அப்போ சிக்கல் எங்கே?

மூன்றே மூன்று குண்டு சுட்டுவிட்டு ‘இதுதான் சரியான அளவு’ என்று முடிவு கட்டுவதில்தான். ஒரே அளவு மருந்து போட்ட தோட்டாக்களை மும்மூன்றாகச் சுட்டாலும் ஒரு முறை ஓட்டைகள் நெருங்கி விழும், ஒரு முறை விலகி விழும். அது தற்செயல். பத்து அளவுகளைச் சோதித்தால், எதுவுமே உண்மையில் சிறந்ததாக இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று ‘சூப்பர்’ என்று தோன்றத்தான் செய்யும்.

புள்ளியியல் கணக்குப்படி, மூன்று குண்டுகள் சராசரியாக ஒரு அங்குலத்துக்குள் விழும் துப்பாக்கியில், அதே தோட்டாவைப் பத்து முறை சுட்டால் பரவல் சுமார் 1.6 அங்குலம் வரும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. முதலில் பார்த்தது முழுப் படம் இல்லை, அவ்வளவுதான். தோட்டா, குண்டு தயாரிக்கும் ஹார்னடி நிறுவனத்தின் நிபுணர்களே இதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் நிறைய சுட்டுப் பார்க்கலாமே? அதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு முறையும் சூடான வாயு குழலின் உட்புறத்தை அரிக்கிறது. அதிவேகத் தோட்டாக்களில் சில ஆயிரம் குண்டுகளுக்குள்ளேயே குழலின் துல்லியம் போய்விடலாம். சரியான அளவைத் தேடித்தேடியே குழலைத் தேய்த்துவிட்டால் போட்டிக்கு என்ன மிஞ்சும்? அதனால், குறைவான அளவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் அதிகக் குண்டுகள் சுடுவதே நம்பகமான வழி.

ஆபத்து இல்லையா?

நிச்சயம் உண்டு. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது சுமார் 32. ரைஃபிளுக்கான மருந்துக்குப் பதில் வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தை மாற்றிப் போட்டால் துப்பாக்கியே முகத்துக்கு அருகில் வெடிக்கலாம். பிரைமர் தட்டையாவது, பூட்டு திறக்க முரண்டு பிடிப்பது எல்லாம் அழுத்தம் எல்லை மீறுவதற்கான எச்சரிக்கை.

ஒலிம்பிக் வீரர்களும் இப்படித்தானா?

இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் .22 தோட்டாதான். அதில் பிரைமர் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், வீரர்கள் அதை வீட்டில் நிரப்புவதில்லை. அங்கே இலக்கின் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். எனவே வீரர்கள் ‘லாட்’ பார்த்து வாங்குவார்கள். துப்பாக்கியைப் பிடிப்பானில் பொருத்தி, ஆலையில் வெவ்வேறு தொகுதிகளில் தயாரான தோட்டாக்களைச் சுட்டு, எது அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவருகிறதோ அந்தத் தொகுதியிலேயே மொத்தமாக வாங்கிவிடுவார்கள்.

இந்தியாவில் செய்யலாமா?

உரிமம் இல்லாமல் முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருக்கிறது என்பதற்காகத் தோட்டா தயாரிக்கவும் அனுமதி இருப்பதாக ஆகிவிடாது.