அட்டையை எடுப்பது யார்? கான்பன் பலகையும் ஏஐயும் - ஒரு குட்டி வரலாறு



ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் உங்க வீட்டுப் பிள்ளையிடம் "கான்பன் போர்டுன்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்க. திரையில் மூன்று பத்திகளைக் காட்டுவாங்க. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. அட்டையில் ஒருத்தர் பெயர்.

அந்தப் பெயரை இதுவரை டீம் லீடரோ, வேலையை எடுப்பவரோ போட்டார்கள். இப்போது ஏஐ கருவி வந்துவிட்டது. பழைய அட்டைகளைப் படித்து, யார் கையில் எவ்வளவு வேலை இருக்கு என்று பார்த்து, "இதை இவருக்குக் கொடு" என்கிறது.

இதில் என்ன டாக்டர் வரலாறுன்னு கேக்குறீங்களா? இருக்கு. அதுவும் இரண்டு வரலாறு.

🔹 முதல் வரலாறு: ஜப்பான்

கான்பன் என்றால் ஜப்பானிய மொழியில் பெயர்ப்பலகை, கடைப்பலகை என்று பொருள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் டொயோடா நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. 1950-ல் பெரிய தொழிலாளர் போராட்டம். நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். விற்காத பொருளைச் செய்து குவித்து வைக்க அங்கே காசு கிடையாது.

அப்போது தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் முறையை யோசித்தார். வாடிக்கையாளர் எடுத்த பிறகுதானே அந்த அலமாரியை நிரப்புறாங்க? அதையே தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த கட்டத்தில் இருப்பவர் பாகத்தை எடுத்தால், அதோடு இருந்த அட்டை முந்தைய கட்டத்துக்குத் திரும்பும். அட்டை வந்தால் செய். வராவிட்டால் செய்யாதே. அவ்வளவுதான் கான்பன்.

அதாவது, மேலிருந்து வேலையைத் தள்ளக் கூடாது. தேவைப்படுபவர் இழுக்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

2004-ல் இது மென்பொருள் பக்கம் வந்தது. மைக்ரோசாஃப்டின் உள் ஐடி வேலைகளைக் கவனித்த ஒரு குழு ஹைதராபாத்தில் இருந்தது. ஒரு கோரிக்கை முடிய மாதக்கணக்கில் ஆனது. டேவிட் ஆண்டர்சன் உதவியோடு அவர்கள் செய்தது எளிது. கையில் இருக்கும் வேலைக்கு ஒரு உச்சவரம்பு. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. காத்திருப்பு பெருமளவு குறைந்தது. ஆண்டர்சன் 2010-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

🔹 இரண்டாம் வரலாறு: அமெரிக்கா

யாருக்கு எந்த வேலை என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஆசை ஏஐக்கு முன்பே இருந்தது. 10 பேருக்கு 10 வேலையை ஆளுக்கொன்றாகப் பிரிக்க 36,28,800 வழிகள் உண்டு. இதில் சிறந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹெரால்டு குன் என்ற கணிதவியலாளர், எகர்வாரி என்பவர் 1931-ல் எழுதிய கட்டுரையைப் படிப்பதற்காகவே ஹங்கேரிய அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிலிருந்து பிறந்த வழிமுறையை 1955-ல் வெளியிட்டு, நன்றி மறக்காமல் "ஹங்கேரிய முறை" என்றே பெயர் வைத்தார்.

அருமையான கணக்கு. ஆனா அதுக்கு ஒரு தீனி வேணும். எந்த ஆள் எந்த வேலையை எவ்வளவு நல்லா செய்வார் என்ற எண். அந்த எண்ணைக் கொடுத்தால்தான் விடை வரும்.

இன்றைய ஏஐ அந்த எண்ணைப் பழைய பதிவுகளிலிருந்து தானே ஊகிக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குது.

🔹 என் துறையிலிருந்து ஒரு உதாரணம்

குழந்தைகள் வார்டில் சின்னக் கையில் வென்ஃப்ளான் போடுவது கஷ்டம். எல்லா வார்டிலும் அதில் கை தேர்ந்த நர்ஸ் ஒருத்தர் இருப்பாங்க. பதிவேட்டைக் கொடுத்து "யாரை அனுப்பலாம்?" என்று கேட்டால் எந்தக் கருவியும் அவங்க பெயரையே சொல்லும். இன்றைக்கு அது சரியான விடை.

ஆனா ஆறு மாசம் அப்படியே போனால்?

அவங்க ஓய்ந்துபோவாங்க. மற்றவங்க கத்துக்கவே மாட்டாங்க. அவங்க லீவு போட்ட அன்று நள்ளிரவில் நீர்ச்சத்து வற்றிய குழந்தை வந்தால், ஊசி போட ஆள் இருக்காது. கருவி கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. நாம கேட்ட கேள்விதான் சின்னது.

🔹 அப்போ ஏஐ வேண்டாமா?

அப்படிச் சொல்லலை. யார் கையில் வேலை குவிந்திருக்கு, எந்த அட்டை பல நாளாக நகரலை என்று பார்ப்பதில் அது கெட்டி. அதைப் பயன்படுத்துங்க. ஆனால்,

✅ ஏஐ பரிந்துரைக்கட்டும். அட்டையை எடுப்பது செய்யப்போகும் ஆளாக இருக்கட்டும்.

✅ ஒருவர் கையில் எத்தனை அட்டை என்ற உச்சவரம்பை ஏஐயும் மீறக் கூடாது.

✅ சில அட்டைகளைக் கற்றுக்கொள்பவருக்கென்றே ஒதுக்குங்க. பக்கத்தில் கை தேர்ந்தவர் நிற்கட்டும்.

✅ "இது என்னால் இப்போ முடியாது" என்று சொல்லும் உரிமை இருக்கணும். டொயோடாவில் சாதாரணத் தொழிலாளிகூட உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம்.

குன் தேடியது சிறந்த பங்கீடு. ஓனோ தேடியது தேங்காத ஓட்டம். இரண்டும் வேண்டும். ஆனால் பலகைக்குக் கான்பன் என்று பெயர் வைத்துவிட்டு, வேலையை மேலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால், அது வெறும் பெயர்ப்பலகைதான்.

உங்க ஆபீஸ் பலகையில் பெயர் போடுவது யார்? கமெண்ட்ல சொல்லுங்க.