கொய்யா வேர்முடிச்சு நூற்புழு

கொய்யாவின் வேருக்குள் தங்கி மரத்தையே படிப்படியாகப் பட்டுப்போகச் செய்யும் நூற்புழு, மெலாய்டோகைன் என்டெரோலோபி. சீனாவின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரில் கிடைத்த இந்த இனம் 1983-இல் விவரிக்கப்பட்டது. பிரேசிலின் பெட்ரோலினா வட்டாரக் கொய்யாத் தோட்டங்களில் 2001-இல் தென்பட்டது. இந்தியக் கொய்யாவில் இதன் தாக்குதல் 2016-இல் தமிழ்நாட்டிலிருந்து அறிவிக்கப்பட்டது.

இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. வேர்நுனியைத் துளைத்து உள்ளே நிலைகொள்ளும். அதைச் சுற்றியுள்ள செல்கள் பருத்து முடிச்சாகும். ஒரு பெண்புழு சில நூறு முட்டைகள் இடும். வெப்பமான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். இலை செம்புநிறமேறி உதிரும், காய் சிறுக்கும். உரக்குறை என்றே பலரும் எண்ணி மேலும் உரமிடுகிறார்கள். பக்கவேரைத் தோண்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். புழு தாக்கிய வேர் ஃபியூசேரியம் பூஞ்சைக்கு எளிதில் இடம்கொடுக்கும். அப்போது பூஞ்சைக்கொல்லியை மட்டும் ஊற்றுவது வீண்செலவு.

மணற்சாரியான மண்ணில் புழு எளிதாக நகரும். இறுகிய களிமண்ணில் அதன் நடமாட்டம் குறையும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரச் செம்மண்ணில் கொய்யா வைப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆலங்குளம் பக்கத்துக் கரிசலையும் நம்பி அசட்டையாக இருக்கக்கூடாது. புழு நெடுந்தூரம் போவது நாற்றங்கால் பை மண்ணில்தான். பதியன் சுத்தமாக இருந்தாலும் அதை வளர்த்த பை மண்ணில் புழு இருந்தால் தோட்டமே கெடும். ஆகவே கன்று வாங்கும்போது ஒன்றிரண்டு பைகளைக் கிழித்து வேரைக் கழுவிப் பார்ப்பதே முதல் காப்பு. நாற்றங்கால் மண்ணைக் கோடையில் நனைத்து, ஒளிபுகும் பாலித்தீன் விரிப்பால் 4 முதல் 6 வாரம் மூடி வெயிலில் வேகவைக்கலாம்.

தோட்டத்துக்குள் வந்த புழுவை முற்றிலும் ஒழிக்க முடியாது, எண்ணிக்கையைத்தான் குறைக்கலாம். வேப்பம் புண்ணாக்கும், பர்புரியோசிலியம் லிலாசினம் என்னும் முட்டை தின்னும் பூஞ்சை கலந்த மக்கிய தொழு உரமும் மரத்தடியில் இடப்படுகின்றன. ஊடுபயிராகச் செண்டுமல்லி உதவும். தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். மற்ற வேர்முடிச்சுப் புழுக்களைத் தாங்கும் தக்காளி ரகங்களையும் இது தாக்கும். பட்ட மரத்தை வேரோடு அகழ்ந்து எரிக்க வேண்டும். அதே குழியில் மறுபடி கொய்யா வைக்கக்கூடாது.

பிரேசிலின் எம்ப்ராப்பா நிறுவனம் கொய்யாவையும் அதன் காட்டு உறவையும் கலந்து, இப்புழுவைத் தாங்கும் ‘பிஆர்எஸ் குவாராசா’ வேர்ச்செடியை உருவாக்கியுள்ளது. அதன்மேல் நல்ல ரகங்களை ஒட்டுக் கட்டுகிறார்கள்.