தேயிலைத் தூசும் நாவடித் துளியும்: மலையகத்தில் ஒவ்வாமை நோய் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் கூலி, குடியுரிமை, குடிபெயர்வு ஆகிய மூன்றையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஆயினும், உற்பத்தி உறவுகளின் தடங்களை உழைப்பவரின் உடலும் தாங்கி நிற்பதாகலின், நோயின் வரலாற்றை அவ்வரலாற்றினின்று பிரித்து நோக்குதல் பொருந்தாது. ஒவ்வாமை நோய்க்கு இன்று பல நாடுகளில் வழங்கப்படும் நாவடித் துளிமருந்துச் சிகிச்சை எவ்வாறு தோன்றிற்று, யாருடைய நோயைக் கண்டு தோன்றிற்று, நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் தூசை உள்ளிழுத்து உழைப்போருக்கு அதனால் ஆவதென்ன என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ஒவ்வாமை பற்றிய மருத்துவ அறிவு வசதி படைத்தோரின் நாசியிலிருந்து தொடங்கிற்று எனலாம். 1819இல் ஆங்கிலேய மருத்துவர் ஜோன் பொஸ்ரொக், கோடைதோறும் தம்மை வருத்திய தும்மலையும் கண்ணெரிவையும் விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 1828இல் வெளியிட்ட இரண்டாவது கட்டுரையில், ஏழை மக்களிடையே இந்நோயை ஐயத்திற்கு இடமின்றித் தாம் கண்டதில்லை என்றும் குறித்தார். 'வைக்கோற் காய்ச்சல்' எனப் பெயர்பெற்ற இந்நோய்க்குப் புல்லின் மகரந்தமே காரணம் என்பதை 1873இல் சார்ள்ஸ் பிளக்லி தம் உடலிலேயே சோதித்து நிறுவினார். மகரந்தத்தோடு நாளும் பழகும் உழவரை இந்நோய் அரிதாகவே பற்றுகிறது என்று அவரும் எழுதினார். ஏழைகளுக்கு நோய் இல்லாதிருந்ததா, நோயுற்ற ஏழை மருத்துவரின் வாயிலை அடையாதிருந்தானா என்ற வினாவுக்கு அவர்களின் சான்றுகள் விடை தருவனவல்ல. 1906இல் கிளெமென்ஸ் வொன் பிர்கே 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார்.

இலண்டன் சென் மேரிஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லெனாட் நூன் 1911இல் புதியதொரு சிகிச்சையை அறிவித்தார். புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக அளவு கூட்டி ஊசிமூலம் ஏற்ற, நோயாளியின் உடல் அதனைத் தாங்கப் பழகியது. நூன் 1913இல் காசநோயால் இறந்தார். அவருடைய பணியை ஜோன் பிறீமன் தொடர்ந்தார். நோய் விளைக்கும் பொருளையே மருந்தாக்கும் இம்முறை நிர்ப்பீடனச் சிகிச்சை எனப்படும்.

2

நூன் இலண்டனில் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், இலங்கையிலும் இதனோடு தொடர்புடைய நோயொன்று மருத்துவரின் கவனத்திற்கு வந்திருந்தது. 1903இல் கொழும்பிற்கு வந்த இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்ரலானி, தேயிலையைக் கையாள்வோரிடம் காணப்பட்ட நீடித்த இருமலை ஆராய்ந்து, அதற்கு ஒருவகைப் பூஞ்சணம் காரணமெனக் கருதினார். மருத்துவ இலக்கியத்தில் அந்நோய்க்கு நிலைத்த பெயர் 'தேயிலைச் சுவைப்பாளர் இருமல்' என்பதாகும். சுவைப்பாளர் என்போர் தேயிலையை முகர்ந்தும் சுவைத்தும் விலை மதிக்கும் வணிக உத்தியோகத்தர். தேயிலைத் தூசு மிகுந்த இடமோ தோட்டத் தொழிலாளர் 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலையாகும். கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்க விடப்படும் நிலைகளில் இலையில் ஈரம் உண்டு, தூசு குறைவு. உலர்த்தியபின் சலித்துத் தரம் பிரித்துப் பொதிசெய்யும் இடத்திலேதான், இலையின் நுண்மயிர்களும் நார்களும் பஞ்சுபோற் பறந்து காற்றை நிறைக்கின்றன.

அடுத்த பெரும் சான்று 1970இல் கிடைக்கிறது. மார்புநோய் மருத்துவர் சி. ஜி. ஊரகொட, தேயிலைப் பஞ்சை உள்ளிழுத்ததால் ஈளைநோய் (ஆஸ்துமா) கண்ட ஒருவரைப் பற்றிப் பிரித்தானியக் கைத்தொழில் மருத்துவ ஏடொன்றில் எழுதினார். அவர் தொழிற்சாலையை மேற்பார்வை செய்யும் 'டீ மேக்கர்' ஆவார். 1980இல் 'தொறாக்ஸ்' ஏட்டில் ஊரகொட வெளியிட்ட கட்டுரையே, இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் என்பதைத் தலைப்பாகவே கொண்டிருந்தது. 1997இல் ஜயவர்த்தன, உடுபிஹில்ல ஆகிய இருவர் தூசுக்கு ஆட்பட்ட தொழிற்சாலைப் பணியாளரின் மூச்சுத் திறனை அளந்து எழுதினர். யப்பானிய மருத்துவர்கள் 1990களில் பச்சைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஈளையுற்றோரை ஆராய்ந்து, தேயிலையிலுள்ள கற்றெக்கின் வகைச் சேர்மம் ஒன்று அதற்குக் காரணமாதலைக் காட்டினர்.

இப்பெயர்களின் வரிசை மனங்கொள்ளத்தக்கது: முதலிற் சுவைப்பாளரின் இருமல், பின்னர் டீ மேக்கரின் ஈளை, இறுதியில் தொழிலாளரின் சுவாச நோய். தூசு நிறைந்த ஸ்டோரில் நாள்முழுதும் நின்றோர் ஆய்வின் தலைப்புக்கு வந்து சேர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

3

இத்தாமதத்தைத் தனிப்பட்ட மருத்துவரின் குறையாகக் கொள்ளுதல் தவறாகும். தோட்ட மருத்துவம் எதற்காக அமைக்கப்பட்டது என்பதையே நாம் நோக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டங்களுக்கு மருத்துவ ஏற்பாட்டைக் கொணர்ந்தது. 1916இல் றொக்பெல்லர் நிறுவகத்தின் ஆதரவில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. இவற்றால் மக்கள் பயனடைந்தனர் என்பது மறுக்கற்பாலதன்று. ஆனால் கொள்ளைநோயும் சோகையும் போல வேலையாட்களின் எண்ணிக்கையையும் வலுவையும் உடனடியாகக் குறைக்கும் நோய்களே முதன்மை பெற்றன. இழுப்போ ஆளை ஒரே நாளில் வீழ்த்துவதில்லை. இரவில் மூச்சுத் திணறியவர் காலையிற் பிரட்டுக்கு வந்துவிடுவார். வராவிடில் அன்றைய பேர் இல்லை. மூச்சின் குறை 'பனிக்காற்று', 'உடல்வாகு' என்னும் பெயர்களுக்குள் மறைந்தது.

தூசை அகற்ற உரிமையாளர் ஆவன செய்ய வேண்டுமென 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. ஆனால் 1948இல் குடியுரிமையும் அதன்வழி 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம், சட்டத்தில் எழுதப்பட்டதைக் கேட்டுப் பெறும் வலுவைப் பெரிதும் இழந்திருந்தது. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உரிமையும் நிருவாகமும் கைமாறியபோதெல்லாம் சலிக்கும் அறையின் காற்று தானாகவே மாறிவிடவில்லை.

4

நாவடிச் சிகிச்சை இவ்விடத்தே நோக்குதற்குரியது. நூனின் ஊசிமுறை பயனுடையதாயினும் ஆபத்தும் உடையது. 1957 முதல் அதனால் 26 இறப்புக்கள் நேர்ந்தமையைச் சுட்டிப் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு 1986இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டில் ஸ்கடிங், புறொஸ்ரொவ் ஆகியோர் வீட்டுத்தூசி உண்ணிச் சாற்றை நாவின்கீழ் இட்டு மூக்கொவ்வாமை தணிதலைக் கண்டனர். 1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாட்டு அறிக்கை நாவடி முறையை ஊசிக்கு ஏற்றதொரு மாற்றாக ஏற்றது. அமெரிக்காவில் 2014இல் புல், களை மகரந்தங்களுக்கும் 2017இல் உண்ணிக்கும் நாவடி மாத்திரைகள் அனுமதி பெற்றன. ஐரோப்பாவில் துளிகளும் பரவலாக வழங்கப்படுகின்றன.

துளி நாவின்கீழ் ஓரிரு நிமிடம் வைத்திருக்கப்பட்டு விழுங்கப்படும். வாயின் மென்சவ்விலுள்ள உயிரணுக்கள் ஒவ்வாப் பொருளை ஏற்று, அதனைப் பகையெனக் கொள்ளாதிருக்க உடலைப் படிப்படியாகப் பழக்குகின்றன. ஏறத்தாழ மூன்றாண்டு இது தொடர்தல் வேண்டும். முதல் வேளை மருத்துவர் முன்னிலையிலேயே கொடுக்கப்படும். ஈளை கட்டுக்குள் இல்லாதோருக்கு இது தகாது. அதன்பின் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஊசிக்காக அடிக்கடி பட்டணம் சென்று பேரை இழக்க வேண்டியதில்லையாதலின், வடிவத்தால் இம்மருந்து தோட்டத் தொழிலாளருக்குப் பொருத்தமானது. விலையாலும் நீண்ட காலத்தாலும் அது நாட்கூலிக்கு எட்டாதது. இம்முரண்பாடு மருந்தினுள் இருப்பதன்று. அது சமூக அமைப்பில் உள்ளது.

இன்னொரு வரையறையையும் நாம் மறத்தல் ஆகாது. ஈரலிப்பான லயத்து அறையிலும் கம்பளியிலும் வாழத்தக்க தூசி உண்ணிக்குத் தரப்படுத்திய மருந்து உண்டு. தேயிலைத் தூசுக்கென அவ்வாறு தரப்படுத்தி அங்கீகரித்த துளிமருந்து இல்லை. தொழிலிடத்து ஈளைக்கு முதற் சிகிச்சை, நோயாளியைத் தூசிலிருந்தும், தூசைக் காற்றிலிருந்தும் விலக்குவதே. மேலும், லயத்து அடுப்பின் விறகுப்புகையால் வரும் மூச்சுக்குழாய் நோயையும் காசத்தையும் ஒவ்வாமையெனக் கொண்டால், துளியால் விளைவது காலவிரயமே.

5

மேற்கூறியவற்றால் இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நோயைப் பகுத்தறியும் வசதி தோட்டப்புற மருத்துவமனைக்கு வருதல் வேண்டும். மூச்சளவைக் கருவியும் தோற்சோதனையும் பட்டணத்துக்கு மட்டும் உரியனவாக இருக்கும்வரை, நாவடித் துளி யாருக்கு உதவும் என்பதை அறியவே வழியில்லை. இரண்டாவது, மருந்து தூசுக்கு ஈடாகாது. ஸ்டோரின் தூசை இழுத்தகற்றும் பொறிக்குச் செலவிட மறுத்து, தொழிலாளியின் உடலைத் தூசுக்குப் பழக்க முற்படுவது விஞ்ஞானத்தை அநீதிக்குத் துணையாக்குவதாகும். தூசு நீங்கிய ஸ்டோரில் நின்று உழைப்பவர், உண்ணியாலோ மகரந்தத்தாலோ துன்புறின் அவருக்குத் துளி உரிமையாகக் கிடைத்தல் வேண்டும். இவ்வரிசை மாறலாகாது என்பதே எமது கருத்தாகும்.